பொண்டாட்டி விசாவும் இரண்டு டீயும்

போன மாதம் கவிதா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அவள். எங்கள் அலுவலகம் இப்போது வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கேள்விப் பட்டியலைப் படம் பிடித்திருந்தாள். இப்போதெல்லாம் எல்லாம் திரையிலேயே முடிந்துவிடுகிறது, ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ‘கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வசிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்குக் கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். யாரோ ஒரு பெண் ‘இல்லை’யைத் தட்டியிருந்தாள். அதற்குக் கீழே கவிதா கேட்டிருந்தாள்: “அக்கா, இந்த பைல எடுக்கலாமா, வேணாமா?”

என் காலத்தில் எங்களிடம் வந்த குணசேகரனும் செல்வராணியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் எந்தக் கட்டத்தைத் தட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மலேசியக்காரரைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான காகிதங்களைத் தயார் செய்வது எங்கள் வேலை. அந்த அனுமதிக்கு அரசாங்கத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. படியேறி வருகிற யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. “பொண்டாட்டி விசா ரினியூ பண்ணணும் அக்கா” என்பார்கள். வந்தவர் ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் அதே பெயர்தான். மீசை முறுக்கிய ஒருவர் மிக மரியாதையாக, “என்னோட பொண்டாட்டி விசா முடியப்போவுது” என்று சொன்னபோது நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் நகல் இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன்.

அதற்கு முன் நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் தட்டச்சு வேலையில் இருந்தேன். இங்கே சேர்ந்த புதிதில் நகல் எடுக்க மட்டும்தான் விட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நகல் எடுத்தேன், கை கருப்பானது, வேலை பிடிபட்டது.

பிடிபட்ட வேலை இதுதான். கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், எழுத்திருக்கும் பக்கத்தை மட்டுமல்ல, காலிப் பக்கங்களையும் நகல் எடுக்க வேண்டும். காலியாக இருப்பதும் ஒரு செய்திதான், அந்த நாட்களில் ஆள் எங்கும் போகவில்லை என்று அர்த்தம். பதிவுத் திருமணச் சான்றிதழ், இருவருடைய அடையாள ஆவணங்கள், கணவரின் சம்பளச் சீட்டு, அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் பத்திரம், அதற்கு முத்திரை. பிறகு புகைப்படங்கள். கல்யாணப் படம் ஒன்று. அண்மையில் எடுத்தது இரண்டு, ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்கக் கூடாது. எதையும் ஸ்டேப்ளர் போட்டுக் குத்தக் கூடாது, கிளிப்தான். “அங்க பிரிச்சுப் பாக்குறவங்க வெரல்ல குத்திச்சுன்னா நம்ம பைல் மேல கோவம் வரும்” என்பார் ஜமீலா மேடம்.

ஜமீலா மேடம்தான் முதலாளி. குடும்பம் கீழக்கரையிலிருந்து வந்து இங்கே சேலைக்கடை வைத்தவர்கள். கடை வேண்டாம், காகிதம் போதும் என்று இவர் தனியாக வந்துவிட்டார். எல்லாரையும் ‘வாங்க, போங்க’தான். கோபம் வந்தால் இன்னும் மரியாதை கூடும். “நீங்க செஞ்சு வச்சிருக்கிற வேலய கொஞ்சம் வந்து பாக்குறீங்களா வசந்தா?” என்று அவர் கூப்பிட்டால் அந்த பைலை முதலிலிருந்து மறுபடி அடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தம்பதி வந்ததும் பைலைத் தொடமாட்டார். கீழே டீக்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ வரவழைப்பார். ஒன்று பால், சீனி போட்ட தே தாரேக். இன்னொன்று ஒன்றுமே போடாத தே ஓ கோசோங். யாருக்கு எது என்று கேட்கமாட்டார். கைக்கு வந்தபடி ஆளுக்கு ஒன்றாக முன்னால் வைத்துவிட்டு மின்கட்டணத்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார். கண் மட்டும் கிளாஸ் மேல் இருக்கும்.

ஒருமுறை அம்பாங்கிலிருந்து வந்த ஒரு ஜோடி, படியேறும்போதே சண்டை. உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை. அந்தம்மா கணவரின் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே, அவர் முன்னால் இருந்த டீயைத் தன் பக்கம் இழுத்து, தன்னுடையதை அவர் பக்கம் தள்ளினார். அவரும் பதிலுக்குக் கத்திக்கொண்டே அதைக் குடித்தார். மேடம் என்னைப் பார்த்து, “பைல் போடுங்க வசந்தா” என்றார்.

இன்னொரு ஜோடி கைகோத்தபடி வந்தது. செல்லம், செல்லம் என்று ஒரே கொஞ்சல். டீயை வைத்ததும் ஆளுக்கு ஒரு வாய் குடித்து, இருவருமே முகத்தைச் சுளித்து, அப்படியே வைத்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. மேடம் மிகுந்த மரியாதையோடு, “எங்களுக்கு இப்போ வேல ஜாஸ்தி, வேற எடத்துல கேட்டுப் பாருங்களேன்” என்று அனுப்பிவைத்தார்.

இந்த வித்தை எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எனக்குத் துருவாமல் இருக்க முடியாது. யார் வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். “கேளுங்க, தப்பில்ல. ஆனா பதில் மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க” என்பார் மேடம். அதுதான் அலுவலகத்தின் ஒரே சட்டம். இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற பைல் எங்கள் கையிலிருந்து போகக் கூடாது.

குணசேகரன் வந்தது மார்கழி கடைசியில். காவி வேட்டி, காவிச் சட்டை, வெறுங்கால், முகம் நிறையத் தாடி. தைப்பூசத்துக்குப் பத்து மலை முருகனுக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லோரி ஓட்டுநர். பின்னால் அவர் மனைவி செல்வராணி, அறந்தாங்கிப் பக்கம். அதுவரை இரண்டு முறை விசாவைத் தாங்களே புதுப்பித்தவர்கள். இந்த முறை குடிநுழைவு அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கடிதம் வந்திருந்தது. பயந்துபோய் எங்களிடம் வந்தார்கள்.

மேடம் வழக்கம்போல டீ வரவழைத்தார். குணசேகரன் தொடவில்லை. “மன்னிச்சிடுங்க மேடம், வெளிய எதுவும் சாப்பிடுறதில்ல” என்று பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அவர் குடிக்காததால் செல்வராணியும் குடிக்கவில்லை. பெஞ்சில் இருவருக்கும் நடுவே இன்னும் ஒருவர் தாராளமாக உட்காரும் இடம் இருந்தது. தே தாரேக்கில் ஆடை கட்டுவதை மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வித்தை பலிக்காமல் போனதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

நடந்தது என்னவென்று செல்வராணிதான் சொன்னாள். செந்தூலில் ஒரே அறை உள்ள பிளாட்டில் குடியிருக்கிறார்கள், விரதம் தொடங்கியதிலிருந்து அவர் மட்டும் கோயிலில் தங்குகிறார். ஒரு சாயங்காலம் அதிகாரிகள் இருவர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வழக்கமான சோதனைதான், மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்கள் கணவர் எங்கே என்று கேட்டார்கள்.

“அவரு இங்க இல்லீங்கன்னு சொன்னேன்க்கா. எப்ப வருவாருன்னாங்க. வரமாட்டாருன்னேன். உண்மையத்தான் சொன்னேன்.”

அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். ஆண் துணி ஒன்றுகூட இல்லை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. தரையில் ஒரே ஒரு பாய். பக்கத்தில் கட்டி வைத்த ஒரு பெரிய பெட்டி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“ஏம்மா, விரதம் இருக்காரு, கோயில்ல தங்கியிருக்காருன்னு சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா, அதுக்கு ஏன் வீட்ட விட்டுப் போவணும்னு கேப்பாங்களே.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரே ரூம்க்கா. மாசத்துல அந்த நாளு வரும்போது நான் எங்க போயி ஒதுங்குறது? அதனால அவரு போயிட்டாரு. இதப் போயி ஆம்பளைங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

அவளும் அவருக்காகப் பாயில் படுக்கிறாள். காலையில் குளித்துவிட்டுப் புதுப் பாத்திரத்தில் சமைத்துக் கோயில் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்த நாட்களில் மட்டும் பக்கத்து வீட்டுப் பத்மா ஆன்டி சமைத்து எடுத்துப் போகிறார். இத்தனை ஒழுங்காக ஒரு குடும்பம் நடந்துகொண்டிருக்கிறது, பார்த்தவர்களுக்கு அது குடும்பமே இல்லாத வீடாகத் தெரிந்திருக்கிறது.

அவளுடைய அனுமதி முடிய அதிக நாள் இல்லை. புதுப்பிக்காவிட்டால் அவள் விமானம் ஏற வேண்டியதுதான். திரும்பி வர முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

குணசேகரன் சட்டென்று எழுந்தார். “மேடம், நான் வெரதத்த விட்டுடறேன். இன்னிக்கே வீட்டுக்குப் போறேன். துணியெல்லாம் அலமாரில வச்சிடறேன். நான் அங்கதான் இருக்கேன்னு சொல்லிடலாம் லா.”

“விட்டீங்கன்னா நான் இப்பவே ஊருக்குக் கெளம்பிடுவேன்” என்றாள் செல்வராணி. அவ்வளவு நேரம் குனிந்திருந்தவள் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். “சாமி காரியத்துல பாதியில எறங்கி எனக்கு விசா வேணாம்.”

மேடம் இருவரையும் உட்காரச் சொன்னார். “ரெண்டும் வேணாங்க. நாங்களும் நோன்பு பிடிக்கிறவங்கதான், எனக்குப் புரியுது. இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்லுவோம். கட்டிலையும் எறக்காதீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வசந்தா, நீங்க கூடப் போறீங்களா? அந்தப் புள்ளைக்கு மலாய் பத்தல.”

புத்ராஜெயா குடிநுழைவு அலுவலகத்தில் விசாரணை. மலாய் சரியாகத் தெரியாதவர்களோடு ஒருவர் போகலாமா என்று கேட்டால் சில நேரம் விடுவார்கள். எங்களை விட்டார்கள். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும். அம்மா என்பதுபோல மலாயில் ‘புவான்’ என்று கூப்பிட்டோம். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

முதலில் செல்வராணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் குணசேகரனிடம் பேசினார். அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, என் உதவி தேவைப்படவில்லை. நேற்று உங்கள் மனைவி என்ன சமைத்துக் கொடுத்தார் என்று புவான் கேட்டார்.

நேற்று அவள் சமைக்கவில்லை, பக்கத்து வீட்டு ஆன்டிதான் கொண்டுவந்தார் என்றார் அவர்.

ஏன்?

அதை அவளிடமே கேளுங்கள் என்று சொல்லி அவர் மேசையைப் பார்த்தார். புவான் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். அவரிடம் பைலைப் பறித்து நானே விளக்கிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. மேடத்தின் சட்டம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து அவர் வெளியே போக, செல்வராணி உள்ளே வந்தாள். அதே கேள்வி. நான் தமிழில் சொன்னேன். அவள் கதவைப் பார்த்தாள், புவானின் முக்காட்டைப் பார்த்தாள், என் காதருகே குனிந்தாள். “பொம்பளைதானேக்கா. சொல்லலாமா?”

“அது உன் இஷ்டம்மா.”

சொன்னாள். கட்டில், பாய், ஒரே அறை, கோயில் வாசல், பத்மா ஆன்டி எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக மலாயில் சொல்லச் சொல்ல, புவானின் பேனா நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். எங்களுக்கும் அந்த நாட்களில் நோன்பு இல்லை, வீட்டில் பையன்களுக்குத் தெரியாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம் என்று சொல்லி லேசாகச் சிரித்தார். வந்த அதிகாரிகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“ஆம்பளைங்க” என்றாள் செல்வராணி. இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நிலைமை சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் புவான் தாள்களைப் புரட்டி, அந்தப் பெட்டி என்ன என்று கேட்டார். கட்டி வைத்த பெட்டி. கணவன் துணி இல்லாத வீட்டில் மனைவி பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். விரதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செல்வராணி சங்கடத்தோடு நெளிந்தாள். “ஒவ்வொரு தடவயும் கட்டி வச்சிடுவேன்க்கா. கெடைக்கலன்னு சொல்லிட்டா, அழுதுகிட்டே துணி மடிக்கிறது ரொம்பக் கஷ்டம். முன்னாடியே மடிச்சு வச்சிட்டா தூக்கிட்டுப் போயிரலாம்ல.”

புவான் குணசேகரனையும் உள்ளே கூப்பிட்டார். அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார, நடுவில் நான் இருந்தேன். இது என்ன நேர்த்தி, எதற்காக வேண்டிக்கொண்டீர்கள் என்று புவான் கேட்டார். முடிக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது என்றார் அவர். மனைவியை இத்தனை நாள் தனியாக விடும் அளவுக்கு என்ன காரியம் என்று நான் எழுத வேண்டுமே என்றார் புவான்.

அவர் மறுபடியும் மேசையைப் பார்த்தார். செல்வராணி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

“சொல்லிடுங்க. எனக்குத் தெரியாததா? புள்ளைக்குத்தானே வேண்டியிருக்கீங்க? இதுல என்ன வெக்கம்?”

குணசேகரன் தலையை ஆட்டினார். “புள்ளைக்கு இல்ல.”

“பின்ன?”

“போன வருசம் கட்டிலுக்கு அடியில அந்தப் பெட்டியப் பாத்தேன். தொறந்தேன். உன் துணியெல்லாம் அழகா மடிச்சு இருந்துச்சு. மேல நம்ம கல்யாணப் போட்டோ. இவ இனிமே இந்தப் பெட்டியக் கட்டக் கூடாது முருகான்னு வேண்டிக்கிட்டேன். அவ்ளோதான்.”

“அப்ப புள்ள?”

“வந்தா வரட்டும். வராட்டி போவட்டும். நீ போயிட்டின்னா நான் என்ன பண்ணுவேன்?”

இருவரும் தமிழிலேயே பேசிக்கொண்டதால் புவான் என்னைப் பார்த்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பெட்டி என்ற இடம் வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் எனக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஜோடிகளைத் துருவியிருக்கிறேன், ஒருநாளும் வேலையில் அழுததில்லை. புவான் ஒரு டிஷ்யூவை உருவி என்னிடம் நீட்டினார். செல்வராணிக்கு இரண்டு கொடுத்தார். மீதியைக் குணசேகரன் தானே மலாயில் சொன்னார்.

புவான் எழுதி முடித்து பைலை மூடினார். தைப்பூசம் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்றார். அவர் என்ன எழுதினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான்.

அனுமதி கிடைத்தது. முன்பு கொடுத்ததைவிடக் கூடுதல் காலத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்ட இருவரும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோது அவருக்கு மொட்டைத் தலை, சந்தனம், முகத்தில் சின்னப் பையன் களை. கையில் ஒரு தட்டு லட்டு.

“பெட்டிய என்ன பண்ண?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

“பத்மா ஆன்டிக்குக் குடுத்துட்டேன்க்கா. மக வீட்டுக்குப் போறாங்களாம்.”

மேடம் கீழே குரல் கொடுத்தார். இரண்டு டீ வந்தது. ஒன்றும் தெரியாதவர்போல, சீனி போட்டதைக் குணசேகரன் முன்னாலும் கோசோங்கைச் செல்வராணி முன்னாலும் வைத்தார். செல்வராணி பத்து மலைக் கூட்டத்தைப் பற்றி என்னிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். குணசேகரனின் கை நைசாக அந்தத் தே தாரேக்கை நோக்கிப் போனது. அவள் பேச்சையும் நிறுத்தவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. அவர் கை போய்ச் சேருவதற்குள் அந்தக் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கோசோங்கை அவரிடம் தள்ளினாள்.

“சுகர் இருக்கு மேடம் அவருக்கு” என்றாள். “வெரதத்துல கொறஞ்சிருக்கு. திரும்ப ஏத்திக்கப் பாக்குறாரு.”

குணசேகரன் பாவமாக எங்களைப் பார்த்துவிட்டுக் கோசோங்கைக் குடித்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

கவிதாவுக்கு அன்று சாயங்காலம்தான் பதில் எழுதினேன். “பைல எடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல ரெண்டு பேரையும் ஆபீசுக்கு வரச் சொல்லு. கீழ ரெண்டு டீ சொல்லிடு. ஒண்ணு கோசோங்.”